இருபத்து மூன்றாவது வேலை

ஜூன் 3, திங்கள்

இது உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டயரி. ஐந்து மாதமாக மேசை ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்து எழுத ஆரம்பிக்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், சொல்ல ஆளில்லை. அவ்வளவுதான் காரணம்.

காலை பதினொரு மணிக்கு நகரிய மன்றத் தலைவர் சென்னியப்பன் ஒரு உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இதப் பதிஞ்சு கோப்புல சேத்திருங்க அம்மிணி” என்றார். அலுவலகத்துக்குள் வருகிற எந்தக் காகிதமும் என் பதிவேட்டில் ஏறாமல் போனதில்லை. உள்வரும் கடிதம் எண் 212 என்று எழுதி, தேதி முத்திரை குத்திவிட்டுத்தான் பிரித்துப் படித்தேன். மேனேஜர் நல்லசிவம் சாரின் ராஜினாமா. தாயில்லாத மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, அவளோடு தூத்துக்குடியில் இருக்க வேண்டியிருக்கிறது, ஜூலை 13ஆம் தேதியோடு விடுவிக்கவும்.

சாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பும் ஒரு மின்விசிறியும்தான். பதினான்கு வருடம். மனிதர் என்னிடம் சொல்லவில்லை. எண் போட வைத்துவிட்டார்.

சாயங்காலம் மூன்றாம் தெருவில் சாக்கடை அடைப்பு. ஆள் அனுப்பினேன்.

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர் நாள். அவர் எப்போதும்போல் பேசினார். நானும் எப்போதும்போல் பேசினேன். இரண்டு பேருமே நன்றாக நடித்தோம்.

ஜூன் 6, வியாழன்

புது மேனேஜர் தேடவேண்டும் என்று மன்றம் கூடியது. பின்னாளில் நானே இதைப் படித்துக் குழம்பக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: எங்கள் நகரியம் ஒரு காலத்தில் மில்லுக்குச் சொந்தம். மில் மூடியபோது எழுநூற்று நாற்பது வீடுகளையும் குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, சந்தை, பூங்கா எல்லாம் எங்கள் பாடு. குடியிருப்போர் ஓட்டுப் போட்டு ஏழு பேரை மன்றத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஏழு பேர் சேர்ந்து சம்பளத்துக்கு ஒரு மேனேஜரை வைப்பார்கள். சின்ன ஊர் ஒன்றை நடத்துகிற வேலை. அவருக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் உண்டு.

பழைய வேலை விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அரைப் பக்கம். ‘நகரியப் பணிகளை மேற்பார்வையிடுதல்’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்து.

“இதப் போட்டா விளம்பரத்துக்கு எவன் வருவான்?” என்றார் தலைவர். “ஏனுங்க சார், நீங்களே எழுதிக் குடுத்துருங்களே.”

“நான் எழுதினா என் பெருமையைத்தான் எழுதுவேன்” என்று சார் சிரித்தார். அவர் திருநெல்வேலிக்காரர். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. “வசந்தாமணி எழுதட்டும். அவுங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

எனக்கு எல்லாம் தெரியுமாம். ராஜினாமாவைத் தவிர.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மாவு ஆட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் அண்ணன் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவளை நான் நங்கையா என்பேன். “ஞாயித்துக்கெழமைகூடவா ஆபீசு? அப்புடி என்னத்தத்தான் எழுதற?” என்றாள். “வேலை விவரம்” என்றேன். “யாரோட வேலை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நாற்பத்தொன்று வந்தது. நான் வேண்டுமென்று கூட்டவில்லை. ஒன்றை எழுதினால் அடுத்தது தானாக நினைவுக்கு வந்தது.

தண்ணீர் விடுகிற நாளில், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் வந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். இழவு விழுந்த வீட்டுக்கு, அவர்கள் கேட்கும் முன்பே தண்ணீர் லாரி போய் நிற்க வேண்டும். அந்தத் தெருவில் அன்று வரி பாக்கி பற்றி யாரும் பேசக்கூடாது. ஒன்பதாம் தெரு ஊஞ்சல் சங்கிலிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய். பரீட்சை மாதத்தில் சந்தை ஒலிபெருக்கியை ஏழு மணிக்கு நிறுத்துதல். கோபத்தோடு வருகிறவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பிறகு புகாரைக் கேட்டல்.

இருபத்து மூன்றாவது: மாலை அலுவலகம் மூடிய பின், நுழைவாயில் விளக்கு எரிகிறதா என்று, ஆறே முக்கால் பஸ் வந்து போகும்வரை இருந்து பார்த்தல்.

இது சார் தினமும் செய்கிற வேலை. அண்ணன் வீடு நாலு கிலோமீட்டர். நான் அந்த பஸ்ஸில்தான் வருவேன். நான் நிறுத்தத்தில் நிற்பேன், அவர் விளக்குக் கம்பத்தடியில் நிற்பார். பஸ் சில நாள் ஏழே கால் வரைக்கும் வராது. அவரும் நகரமாட்டார். “விளக்கு சில நேரம் எரிஞ்சு அணைஞ்சிரும், பாத்துட்டுத்தான் போவணும்” என்பார். பதினான்கு வருடத்தில் அந்த விளக்கு இரண்டே முறைதான் பழுதானது. கடமையில் அவ்வளவு கவனம்.

மாவு பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

மன்றத்தில் படித்தேன். பன்னிரண்டாவது வரும்போதே தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஏனம்மிணி, இது மேனேஜருக்கா, கோயில்ல இருக்கற சாமிக்கா? கோவத்தோட வந்தா தண்ணி குடுக்கோணும், ஊஞ்சலுக்கு எண்ணெய் போடோணும்… இந்த மாப்பிள்ளை கெடைச்சா என்ற பேத்திக்கே கட்டி வெச்சுருவேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மன்றத்தில் இருக்கிற ஒரே பெண், எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பணி விதிமுறைகள். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். சம்பளம், தொட்டி வீடு வாடகையில்லாமல், வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தொடர்ந்த விடுப்பு, சொந்த ஊர் போய்வர ஆண்டுக்கு ஒருமுறை ரயில் கட்டணம். சார் ஒவ்வொரு சித்திரையிலும் சொந்தக் காசில் போய்வருவார். அதனால் அதைச் சேர்த்தேன். எல்லாம் ஒப்புக்கொண்டார்கள். கடைசி விதியில்தான் நின்றார்கள்: ‘பணி விலக விரும்புபவர், கடிதம் கொடுக்கும் முன், அலுவலகத்தில் உடன் பணிபுரிபவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.’

“இதெதுக்குங்க? சட்டத்துல இருக்குதா?” என்றார் தலைவர்.

“மரியாதையில இருக்குதுங்க” என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அந்த விதியை அடித்துவிட்டார்கள். சார் மேசையில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, புதன்

பஸ் ஏழு மணிக்குத்தான் வந்தது. விளக்கு எரிந்தது.

ஜூன் 22, சனி

நேர்காணல். விண்ணப்பம் பதினொன்று, வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பட்டியலைப் படித்துவிட்டு ஓடியிருப்பார்கள் என்று தலைவர் சொன்னார்.

முதலில் வந்தவர் ராணுவத்திலிருந்து வந்தவர். உட்கார்ந்ததும் நாற்காலியை நேராக்கினார். “ஒரே மாசத்துல எல்லாரையும் வழிக்குக் கொண்டாந்துருவனுங்க” என்றார். வழிக்குக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நாங்கள் எங்கே போனோம் என்று தெரியவில்லை.

இரண்டாமவர் சின்னப் பையன். மடிக்கணினியைத் திறந்து, “இந்த நாப்பத்தொண்ணையும் ஒரே ஆப்ல போட்டுரலாங்க” என்றான். “இழவு வீடு?” என்று டீச்சர் கேட்டார். “அதுக்குத் தனி பட்டன் வெச்சுரலாங்க மேடம்.”

மூன்றாமவர் மயில்வாகனன். பேரூராட்சியில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்தான் பட்டியலை முழுதாகப் படித்து வந்திருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள்.

“ஒரு சந்தேகமுங்க” என்றார். “இதுல பாதி, மேசைய விட்டு எந்திரிக்காம செய்யற வேலை. மீதி, காலைல இருந்து தெருவுல நின்னு செய்யற வேலை. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. முன்னால ரெண்டு பேரு இருந்தாங்களா?”

“ஒருத்தர்தானுங்க” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“அப்ப அவர நான் கும்புட்டுக்கறேன். என்னால ஆகாதுங்க.” காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர்தான் தகுதியான ஆள். அதுதான் எரிச்சல்.

ஜூன் 24, திங்கள்

மயில்வாகனன் சொன்னது காதிலேயே இருந்தது. ஒரே மனிதர் செய்தார் என்று காட்டிவிட்டால் தலைவர் மயில்வாகனனைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசலாம் அல்லவா? இரும்பு அலமாரியைத் திறந்து பதிவேடுகளை எடுத்தேன். தண்ணீர், புகார், லாரி, விளக்கு, பூங்கா. பதினான்கு வருடத் தூசி. இரண்டு முறை தும்மல் நிற்காமல் வந்தது.

லாரி பதிவேட்டில் ஒவ்வொரு இழவுக்கும் போன் செய்த நேரம் இருக்கிறது. அதிகாலை ஐந்து பத்து என்றெல்லாம்கூட இருக்கிறது. என் கையெழுத்து. கடைசிக் குழாயில் தண்ணீர் வந்த நேரம், வால்வு திறக்கும் மாரப்பன் போனில் சொல்ல எழுதியது. என் கையெழுத்து. ஊஞ்சல் எண்ணெய், ஒலிபெருக்கி, எல்லாம் அதே சாய்ந்த எழுத்து.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் சொல்வார், நான் எழுதுவேன். எழுதுகிறவளின் கையெழுத்துதானே இருக்கும்.

சொன்னாரா என்பது மட்டும் சரியாக நினைவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மாரப்பனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “கடைசித் தெருவுக்குத் தண்ணி வந்தா ஆபீசுக்குப் போன் பண்ணோணும்னு உங்களுக்குச் சொன்னது யாருங்கண்ணா?”

“நீங்கதானுங்க” என்றார், வால்வு சாவியைத் தோளில் மாற்றிக்கொண்டே. “பண்ணலைன்னா நீங்க போடற சத்தம் தொட்டி வரைக்கும் கேக்குமுங்களே.”

ஜூன் 28, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்கு சார் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கையில் பட்டியல். பென்சிலால் ஓரமெல்லாம் குறித்திருந்தார்.

“நேத்து முழுக்க இதைத்தான் படிச்சேன்” என்றார். “வசந்தாமணி, நீங்க தப்பா எழுதியிருக்கிய.”

“எதுங்க சார் தப்பு?”

“எல்லாமே நடந்தது. ஆள்தான் தப்பு.” காகிதத்தை என் பக்கம் திருப்பினார். வரிசையாக ‘வ’, ‘வ’, ‘வ’ என்று எழுதியிருந்தார். “உங்க பேரு போட்டிருக்கேன். எண்ணிப் பாத்தேன், முப்பத்துமூணு. இழவுன்னா லாரிக்கு போன் போட்டது யாரு? நீங்க. நான் ஒரு மாலையை வாங்கிட்டுப் போயி அவ்வோ வாசல்ல நின்னேன். ஊஞ்சலுக்கு எண்ணெய் போடச் சொன்னது யாரு? நீங்க. பரீட்சை நேரத்துல சந்தைக்காரன்கிட்ட சண்டை போட்டது யாரு? நான் பின்னால நின்னேன். நிக்கத்தான் எனக்குத் தெரியும்.”

“நீங்க சொன்னதைத்தானுங்க சார் நான்…”

“நான் எப்பச் சொன்னேன்? ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

யோசித்தேன். பதினான்கு வருடத்தில் அவர் “அப்படியே செய்யுங்க” என்று சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அதற்கு முன்னால் யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

“இந்த வேலைக்கு வெளியூர்ல ஆள் தேடுதது கூத்து” என்றார். “தலைவர்கிட்டச் சொல்லப்போறேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் அந்த வேலையைக் கேட்டேனா? “என்கிட்ட ராஜினாமாவையே சொல்லல. இதை மட்டும் ஏன் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். “உங்ககிட்ட முதல்ல சொல்லியிருந்தா, அந்தக் கடிதத்தைக் குடுத்திருக்கவே மாட்டேன். அதான்” என்றார். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மூடினார்.

வீட்டுக்கு வந்துதான் பட்டியலை முழுதாகப் பார்த்தேன். முப்பத்துமூன்று ‘வ’. ஏழு இடத்தில் ‘இருவரும்’. இருபத்து மூன்றுக்கு எதிரே மட்டும் வேறு மாதிரி இருந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியிருக்கிறார், காகிதத்தின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

‘இது நான் மட்டும்.’

ஜூன் 29, சனி

அவர் போக வேண்டாம்.

ஜூலை 2, செவ்வாய்

தலைவர் கூப்பிட்டார். சார் சொல்லிவிட்டாராம், ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்களாம். “நம்ம அம்மிணியே இருக்கறப்ப எதுக்கு ஊரெல்லாம் விளம்பரம் போட்டோம்” என்று அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார். போட்டது அவர்தான்.

அதற்கடுத்த வாக்கியத்தில் விதிமுறைகளைக் குறைக்க ஆரம்பித்தார். “உங்களுக்கெதுக்கு வூடு? அண்ணன் வூடு இருக்குதல்லோ. தொட்டி வூட்ட வாடகைக்கு உட்டுக்கலாம். சம்பளமும் இப்ப வாங்கறதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றோம். ரயிலு கியிலு ஒண்ணும் உங்களுக்கு வேண்டியதில்ல.”

“யோசிச்சுச் சொல்றனுங்க” என்றேன்.

வெளியே வந்தால் சார் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார்.

“யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு நீங்க என்ன எழுதினீங்களோ, அதை உங்களுக்குக் கேளுங்க” என்றார். “ஒரு வரி குறைச்சாலும் கையெழுத்துப் போடாதீய.”

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கா எழுதினேன்?

ஜூலை 3, புதன்

நங்கையாவிடம் சொன்னேன். “மேனேஜரா?” என்று கரண்டியோடு நின்றாள். அண்ணன், “இங்கிருந்து போறியா?” என்று மட்டும் கேட்டார். நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக யாரோ அப்படிக் கேட்கிறார்கள். நங்கையா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள். அது வாழ்த்தா வழியனுப்பா தெரியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

விதிமுறைக் கூட்டம். நான் முதல்முறையாக மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். குறிப்பு எடுக்க ஆளில்லை என்பதால் அதையும் நானே எடுத்தேன். எனக்கு எதிராகப் பேசியதை எல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் விடாமல்.

“ஜூன் பதினொண்ணாந்தேதி இதே மன்றம் ஒத்துக்கிட்ட விதிங்க” என்று அன்றைய காகிதத்தை நடுவில் வைத்தேன். “மேனேஜர் வேலைக்குன்னு ஒத்துக்கிட்டது. ஆம்பளைக்கு ஒண்ணு, அம்மிணிக்கு ஒண்ணுன்னு அதுல இல்லீங்க.”

சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கொடுத்தார்கள். வீட்டுக்கு அதைவிட அதிகம். “பொம்பளப்புள்ள தனியா…” என்று தலைவர் இழுத்தார். பிலோமினா டீச்சர், “நான் முப்பது வருசமா தனியாத்தான் இருக்கேன், தலைவரே. என்னை யாரு தூக்கிட்டுப் போனா?” என்றதும் அதுவும் முடிந்தது.

மிச்சமிருந்தது ரயில் கட்டணம்.

“இத மட்டும் அடிச்சுரலாமுங்க” என்று தலைவர் பேனாவை எடுத்தார். “உங்க சொந்த ஊரு நாலு கிலோமீட்டர். அங்க எந்த ரயிலு போகுது?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காகிதத்தை விடவில்லை.

“சொந்த ஊருங்கறதை அடிச்சுட்டு, விரும்பும் ஊருன்னு போடுங்க” என்றேன்.

“விரும்பும் ஊரா? எதுங்க அது?”

“வருசத்துக்கு ஒருக்கா. பன்னெண்டு நாள் விடுப்புல. எங்க போறேங்கறது விதிமுறையில வராதுங்க.”

சார் மூலையில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

“போட்டுருங்க தலைவரே” என்றார், பைக்குள் பார்த்தபடியே. “நல்ல விதிதான்.”

போட்டார்கள். என் கையெழுத்தைப் பதினான்கு வருடமாக எத்தனையோ காகிதத்தில் போட்டிருக்கிறேன். என் பெயருக்கு நேரே போட்டது இதுதான் முதல்.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் நாள். காலை ஆறு மணிக்கே வந்து கடைசித் தெருவில் சாரோடு நின்றேன். குழாயில் முதலில் காற்று வந்து இருமியது, பிறகு தண்ணீர். “வந்துட்டு” என்றார். “வந்துருச்சுங்க” என்றேன். நல்ல காலை.

ஜூலை 13, சனி

சார் போய்விட்டார்.

பிரிவு உபசாரத்தில் தலைவர் நாற்பத்தொரு வேலைகளையும் சொல்லிப் பாராட்டினார். சார் எழுந்து, “அதுல எட்டுதான் எனக்குச் சேரும், அதுலயும் ஏழு பாதிப் பாதி” என்றார். தன்னடக்கம் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் தொட்டி வீட்டைக் காட்டிக்கொடுத்தார். இரண்டு அறை, சமையலறை, பின்னால் ஒரு முருங்கை. எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். சமையலறை ஸ்விட்ச்சை மூன்று முறை காட்டினார்.

“பாத்ரூம் கதவை லேசாத் தூக்கிச் சாத்தணும்” என்றார்.

“சரிங்க சார்.”

“முருங்கை ஆவணியில காய்க்கும்.”

“சரிங்க சார்.”

“மக வீட்டு மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும்” என்றார். அதே குரலில்தான் சொன்னார், ஸ்விட்ச்சைப் பற்றிச் சொன்ன அதே குரலில். “நீங்க கடல் பாத்ததில்லைன்னு ஒருநா சொன்னிய.”

சொல்லி ஆறேழு வருடம் இருக்கும். நானே மறந்துவிட்டேன். அப்போதாவது நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். என்னோடு இருங்கள் என்று சொல்லியிருக்க முடியாது; கைக்குழந்தைகள் இரண்டு அங்கே காத்திருக்கின்றன. ஆனாலும் ஏதாவது. நான் சொன்னது, “விடுப்பு ஜனவரியிலதானுங்க எடுக்க முடியும். பொங்கல் முடிஞ்சு.”

“ஜனவரி நல்லது. காத்து குறைவா இருக்கும்” என்றார்.

சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே கையை எடுக்கவில்லை. எடுத்தபிறகு எனக்குச் சாவியின் கனம் தெரிந்தது. ஆட்டோ வந்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணன் டெம்போவில் சாமான் கொண்டுவந்து இறக்கினார். கட்டில், பீரோ, கிரைண்டர். நங்கையா பால் காய்ச்சினாள். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்று அவளிடம் நான் மூன்று முறை சொன்னேனாம்.

ஜூலை 15, திங்கள்

முதல் நாள். வந்த புகார் ஆறு, தீர்ந்தது நாலு. ஒருவர் மிகுந்த கோபத்தோடு வந்தார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “பழைய மேனேஜர் இருந்தா இப்புடி ஆகியிருக்குமாங்க?” என்றார். ஆகியிருக்கும், புகாரை நான்தான் பதிந்திருப்பேன் என்று சொல்லவில்லை.

ஆறரைக்கு அலுவலகத்தைப் பூட்டினேன். தொட்டி வீடு வலது பக்கம், இருபது அடி. கால் இடது பக்கம் போனது, நுழைவாயிலுக்கு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எப்போதும் நிற்கும் நிறுத்தத்தில் நிற்கவில்லை. கம்பத்தடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் முகம் நன்றாகத் தெரிகிறது. விளக்கு தெரியவேயில்லை, தலைக்கு நேர் மேலே இருக்கிறது. விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். அவர் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை.

பஸ் ஆறு ஐம்பதுக்கு வந்து, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. ஏழு மணிக்கு போன் அடித்தது.

“விளக்கு எரியுதா?” என்றார் சார். பின்னால் ஒரு குழந்தை அழுதது, இன்னொன்று அதைவிடச் சத்தமாக அழுதது.

“எரியுதுங்க சார்.”

“பஸ்?”

“வந்துட்டுப் போயிருச்சுங்க.”

சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

“பஸ்ஸுதான் போயிட்டே” என்றார். “நீங்க ஏன் இன்னும் அங்கனயே நிக்கிய?”

“பட்டியல்ல இருக்குதுங்க சார்” என்றேன்.